வெயிலில் வைத்த நாற்பது கிண்ணங்கள்

ரெஜினா பாப்பா,

இந்தக் கடிதத்தை நீ தனியாக உட்கார்ந்து படிக்கக் கூடாது. சித்தையன்கோட்டையில் உன் மாமனார் வீட்டில் எல்லாரும் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூடுகிற நேரம் பார்த்து, மாப்பிள்ளையை விட்டுச் சத்தமாக வாசிக்கச் சொல். கல்யாணத்துக்கு வந்த சனம் கேட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்குச் சரியா வரலை" என்று நீ தலையைக் குனிந்து சொன்னாய். அதனால் இதையும் நாலு பேர் காதில் விழும்படிதான் சொல்ல வேண்டும். உன் மாமனார் தோட்டத்து மாமரத்தில் நீ கடைந்த நாற்பது கிண்ணமும் வெடித்ததற்கு உன் கை காரணமில்லை, மரமும் காரணமில்லை. நான்தான் வெடிக்க வைத்தேன். தெரிந்தே செய்தேன். எதற்கு என்று கேட்டால் பொறாமை என்பதைத் தவிர வேறு பதில் என்னிடம் இல்லை. பெற்ற பிள்ளைமேல் ஒருத்தன் பொறாமைப்படுவானா என்று உன் மாமியார் கேட்பார். படுவான். இதோ நாகல்நகரில் ஒருத்தன் மூன்று வருஷமாகப் பட்டுக்கொண்டிருக்கிறான்.

அங்கே உள்ளவர்களுக்காகச் சிலவற்றை முதலில் இருந்து சொல்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், பொறுத்துக்கொள். நான் திண்டுக்கல்லில் முப்பத்தெட்டு வருஷம் லேத் ஓட்டியவன். மோட்டார் ஷாஃப்ட், பம்பு சாமான், பூட்டுப் பட்டறைகளுக்கு வேண்டிய உருளை, எது கொண்டுவந்தாலும் இரும்பில் கடைந்து கொடுப்பேன். அளவில் ஒரு தலைமுடி கனம் பிசகினாலும் எனக்குச் சோறு இறங்காது. இந்த ஊரில் யாருக்காவது ஒரு சாமான் சரியாகப் பொருந்தவில்லை என்றால், "அவர்ட்ட கொண்டு போ" என்று என் பெயரைத்தான் சொல்வார்கள். கண் மங்கியதும் வேலையை விட்டேன். விட்ட வருஷமே நீ பள்ளிக்கூடச் சம்பளத்தில் சேர்த்து ஒரு சின்ன மரக்கடைசல் லேத்தை வாங்கி வந்து முன்பக்கக் கொட்டகையில் வைத்தாய். நான் லேத்தை விட்ட வீட்டுக்குள் இன்னொரு லேத் வருகிறது, அது என்னுடையது இல்லை. அன்றைக்கே என் முகம் கோணிவிட்டது. நீ அதைக் கண் வலி என்று நினைத்தாய்.

போதாததற்கு நீ எடுத்ததோ பச்சை மரம். காய்ந்த மரமாவது கொஞ்சம் அளவுக்கு அடங்கும். நீ யார் வீட்டில் மரம் வெட்டினாலும் ஸ்கூட்டரில் போய், வெட்டி ஒரு வாரம்கூட ஆகாத துண்டைக் கட்டிக்கொண்டு வருவாய். தாடிக்கொம்பு ரோட்டில் சாய்த்த புளி, பக்கத்துக் காம்பவுண்டில் விழுந்த பூவரசு, யாரோ வேண்டாம் என்று ஒதுக்கிய வாகை. சுழலவிட்டு உளியை வைத்தால் தண்ணீர் உன் முகத்தில் தெறிக்கும். சீவல் நாடா நாடாவாகக் கழன்று தோளில் விழும். கொட்டகை முழுக்கப் பச்சை வாசனை. "ஈர மரத்தைக் கடையுறதும் ஒண்ணுதான், வெண்டிக்காயக் கடையுறதும் ஒண்ணுதான்" என்று நான் உன் அம்மாவிடம் சொன்னேன், உன் காதில் விழட்டும் என்றே சொன்னேன். நீ சிரித்தாய். உன்னைச் சீண்டவும் முடியவில்லையே என்று அதற்கும் எரிச்சல்.

நீ முதலில் உருப்படியாகச் செய்த பூவரசுக் கிண்ணம் காய்ந்து முடிந்ததும் என் கையில் கொடுத்தாய். உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம். விளிம்பு காகிதம்போல. காய்ந்ததில் அது வட்டமாக இல்லாமல் லேசாக நீண்டு, ஒரு பக்கம் உதடு தூக்கி நின்றது. நான் என்ன செய்தேன்? உள்ளே போய் வெர்னியர் அளவுகோலை எடுத்து வந்து இந்தப் பக்கம் ஒரு அளவு, அந்தப் பக்கம் ஒரு அளவு எடுத்து, "நாலு மில்லி கோணல்" என்றேன்.

"இருக்கட்டும்ப்பா. பச்சை மரம் காயையில அதுக்கு வேணுங்கிற பக்கம் இழுத்துக்கிரும். கனம் மட்டும் எல்லாப் பக்கமும் ஒண்ணா இருந்தாப் போதும், வெடிக்காது" என்றாய்.

கனத்தையும் அளந்தேன். விளிம்பில் இருந்து அடிவரை எட்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன். எட்டு இடத்திலும் ஒரே கனம். அதை உன்னிடம் சொல்லவில்லை. "சரி சரி, அம்மாட்ட குடு, உப்புப் போட்டு வைப்பா" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். அன்றைக்குச் சொல்லாமல் விழுங்கியதை இன்று எழுதுகிறேன். நான் இரும்பில் கைச்சக்கரமும் அளவுக்கோடும் வைத்துக்கொண்டு கொண்டுவந்த கனத்தை, நீ கண்ணையும் விரலையும் வைத்தே கொண்டுவந்திருந்தாய்.

இந்தக் குணம் எனக்கு அப்போது வந்தது இல்லை. நீ ஆறாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடக் கண்காட்சிக்குத் தகர டப்பாவை வெட்டி ஒரு காற்றாடி செய்தாய், ஞாபகம் இருக்கிறதா? றெக்கை ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, ஆனாலும் சுற்றியது. நான் அதைப் பார்த்துவிட்டு, பட்டறைக்குப் போய்ப் பித்தளையில் அச்சு கடைந்து, றெக்கைக்கு வார்ப்பு வைத்து, பளபளவென்று வேறு ஒன்றைச் செய்து உன் கையில் கொடுத்து அனுப்பினேன். முதல் பரிசு அதற்குத்தான் கிடைத்தது. மேடையில் சிஸ்டர் கேட்டபோது, "எங்கப்பா செஞ்சது" என்று நீ ஒளிக்காமல் சொன்னாய். கூட்டம் கை தட்டியது. நான் பின்வரிசையில் எழுந்து நின்று கும்பிட்டேன். பதினொரு வயசுப் பிள்ளையின் பரிசைத் தட்டிப் பறித்துக்கொண்டு கும்பிட்ட ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். உன் தகரக் காற்றாடி என்ன ஆனது என்று நான் கேட்கவே இல்லை.

பிறகு ஒரு நாள் காசி வந்தான். என்னோடு பட்டறையில் பக்கத்து லேத்தில் நின்றவன், உனக்குத் தெரியும். நீ கடைவதை வாசலில் நின்று செத்த நேரம் பார்த்தான். என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லப்போகிறான், அப்பன் கை மகளுக்கு வந்திருக்கிறது என்று சொல்லப்போகிறான் என்று காத்திருந்தேன். அவன் சொன்னது இது:

"ஏலே, ஒம் மக கையிலயே உளியப் புடிச்சுல்ல கடையுறா. நம்மல்லாம் சக்கரத்தச் சுத்துன ஆளுகதானடா. உளியப் புடிச்சது இரும்பு. நம்ம என்னிக்கு உளியப் புடிச்சோம்?"

அவன் விளையாட்டாகச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. உண்மைதானே. இரும்பு லேத்தில் உளியை இறுக்கிப் பூட்டி வைத்துவிடுவோம். நாங்கள் சக்கரத்தைத் திருகினால் அது நகரும். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட ஓடுகிற சாமான்மேல் என் கையால் உளியை வைத்ததில்லை. மறுநாள் நீ பள்ளிக்கூடம் போனதும் உன் லேத்தில் ஒரு பூவரசுத் துண்டை ஏற்றி, உன் உளியை எடுத்து வைத்துப் பார்த்தேன். மூன்றாவது சுற்றிலேயே உளி கவ்விக்கொண்டு மரம் பிய்ந்து பறந்தது. என் முழங்கையில் ஒரு வெட்டு. பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்று சொன்னேன், நீ மருந்து வைத்துக் கட்டினாய். கட்டும்போது உன் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த விரலுக்கு வந்தது எனக்கு ஏன் வரவில்லை என்று வயிறு எரிந்தது.

அப்புறம் உன் கல்யாணம் கூடியது. நிச்சயம் முடிந்த கையோடு, மாப்பிள்ளை வீட்டுச் சொந்தத்தில் வீட்டுக்கு ஒரு கிண்ணம் என்று நாற்பது கிண்ணம் உன் கையால் கடைந்து கொடுப்பதாகச் சொன்னாய். கல்யாணத்துக்கு அப்புறம் பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டுக் கடைசலையே முழு நேரமாகச் செய்வதாகவும் நீயும் மாப்பிள்ளையும் பேசிக்கொண்டீர்கள். உன் மாமனார் தோட்டத்தில் காய்ப்பு ஓய்ந்த ஒரு மாமரத்தை உனக்காகவே வெட்டி, மினி லாரியில் அனுப்பினார். வெட்டின முகத்தில் எல்லாம் சாணி பூசி அனுப்பியிருந்தார், ஈரம் சட்டென்று போய் மரம் பிளந்துவிடக் கூடாதென்று. "மாமாவுக்குத் தெரிஞ்சிருக்கு பாருங்கப்பா" என்று நீ அந்தச் சாணியைத் தொட்டுத் தொட்டுக் காட்டினாய். அதோடு உனக்கென்று கொட்டகை போட்டுக் கரண்டு லைனும் இழுக்கிறார் என்று வேறு சொன்னாய். ஐயா, நீங்களும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். உங்களோடு நன்றாகப் பழகும் முன்பே எனக்கு உங்களைப் பிடிக்காமல் போனது அந்தச் சாணியால்தான். லேத்துக்காரன் நான், உளிக்கு நான் சாணை பிடித்துக் கொடுத்ததில்லை. கத்திரிக்காயும் தென்னையும் வைத்திருக்கிற ஒரு மனுஷர் என் மகளுக்கு வேண்டியதைச் செய்துவிட்டார்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு முழுக்க நீ சாயங்காலங்களில் கடைந்தாய். ஒவ்வொரு கிண்ணத்தையும் அதனுடைய சீவலோடேயே காகிதப் பையில் போட்டு, வாயை மடித்து, மேலே பென்சிலால் எடையை எழுதி, கட்டிலுக்கு அடியில் இருட்டில் வைத்தாய். வாரம் ஒரு தடவை எடுத்து நிறுத்துப் பார்ப்பாய். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். "இந்தப் பையத் தொட்டுறாதீகப்பா. காத்து பட்டாக்கூடப் போச்சு. மெதுவாத்தான் காயணும்" என்று இரண்டு தடவை சொன்னாய். இரண்டு தடவையும் எனக்கு நன்றாகக் காது கேட்டது.

கோயிலில் உன் கல்யாண அறிவிப்பின் இரண்டாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அது. முழங்கால் வலி, நான் பூசைக்கு வரவில்லை என்றேன். "பொண்ணோட ஓலை வாசிக்கையில அப்பன் வீட்ல உக்காந்திருப்பாகளா?" என்று உன் அம்மா சத்தம் போட்டாள். நீதான், "விடும்மா, அடுத்த ஓலைக்கு வரட்டும்" என்று சமாதானம் சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாய். நீங்கள் தெருமுனை திரும்பியதும் நாற்பது பையையும் மொட்டை மாடிக்குக் கொண்டு போனேன். ஐந்து தடவை ஏறி இறங்கினேன், முழங்கால் ஒன்றும் வலிக்கவில்லை. சித்திரை வெயில். கிண்ணங்களைச் சீவலில் இருந்து எடுத்துத் தட்டோட்டுத் தரையில் வரிசையாகக் கவிழ்த்தேன். கல்யாணம் நெருங்குகிறது, சீக்கிரம் காய்ந்தால் நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் உண்மை. அது பொய் என்று அப்போதே தெரிந்திருந்ததும் உண்மை. நிழலில் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் முதல் கிண்ணம் டப் என்றது. விளிம்பில் இருந்து அடிவரை ஒரே கீறல். அப்போதாவது மற்றதை எடுத்து உள்ளே வைத்திருக்கலாம். வைக்கவில்லை. நாற்பதும் முடிகிறவரை இருந்து, சீவலை அள்ளிப் போட்டு, எல்லாவற்றையும் பழையபடி பையில் மடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கினேன். அதே நேரம் கோயிலில் சாமியார், இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று வாசித்துக்கொண்டிருந்திருப்பார்.

புதன்கிழமை நீ எடை பார்க்கப் பிரித்தாய். ஒன்றைப் பிரித்தாய், இரண்டைப் பிரித்தாய், பிறகு வேகமாக எல்லாவற்றையும் பிரித்தாய். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை. தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கி, கீறல் எங்கே ஆரம்பித்தது என்று தேடினாய். உன் தப்பைத் தேடினாய். கடைசியில், "கனம் ஒண்ணாத்தான் எடுத்தேன்னு நெனச்சேன். இல்ல போல. எனக்குக் கை வரலப்பா" என்றாய். கனம் சரியாகத்தான் இருந்தது என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் நான், பக்கத்தில்தான் நின்றேன். "பரவால்ல தாயி, எவர்சில்வர் கிண்ணம் வாங்கிக் குடுத்துக்கலாம்" என்றேன். இன்னொன்றையும் எழுதிவிட வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதம் பாதிப் பொய். அன்று மத்தியானம் எனக்கு நன்றாகப் பசித்தது. இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

கல்யாணத்தில் எவர்சில்வர் கொடுத்தோம். "மரக்கிண்ணம்னுல்ல சொன்னாக" என்று மாப்பிள்ளையின் அத்தை கேட்டதும், நீ அந்தப் பதிலைச் சொன்னதும், உன் மாமனார் குறுக்கே வந்து, "அதுல புள்ள மேல தப்பில்ல. அந்த மரம் வயசான மரம், நாந்தான் பார்க்காம வெட்டிட்டேன்" என்றதும் எல்லாம் என் முன்னால்தான் நடந்தது. செய்தவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான். செய்யாதவர் பழியை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். அதற்கும் பொறாமைப்பட்டேன் என்றால் நம்புவாயா? உனக்காகப் பொய் சொல்லக்கூட எனக்கு முந்தி அவர் நின்றுவிட்டார்.

நீ போய் இரண்டு மாதம் ஆகிறது. போன வாரம் போனில், மாமா போட்ட கொட்டகையை ஆட்டுக்கு விட்டுவிடச் சொல்லிவிட்டேன், ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குக் கேட்டிருக்கிறேன், "அந்த லேத்த வித்துருங்கப்பா" என்று சொன்னாய். இதற்குத்தானே நான் ஆசைப்பட்டேன். நீ சொன்னதும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனாலும் ஆள் பார்க்கிறேன் என்றேன். சனிக்கிழமை பழனிப் பக்கமிருந்து ஒருத்தர் வந்தார். லேத்தைச் சுற்றிப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். கொட்டகை மூலையில் குவித்துக் கிடந்த வெடித்த கிண்ணங்களில் ஒன்றை எடுத்துக் கீறலை விட்டுவிட்டு உள்பக்கத்தைத் தடவினார். "ஏனுங்க, இப்படிக் கடையற கை இருக்கற வீட்டுல மெஷின எதுக்குங்க விக்கறீங்க?" என்றார். விற்கவில்லை என்று மட்டும் சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார்.

உள்ளே வந்தால் உன் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்: "அன்னிக்கு மொட்டை மாடியில மாமரச் சீவல் கெடந்துச்சு. நாந்தான் கூட்டி அள்ளுனேன். கல்யாணம் கெட்டுறக் கூடாதுன்னு வாய மூடிக்கிட்டேன். நீங்களாச் சொல்லுவீகன்னு இம்புட்டு நாளாப் பார்த்துக்கிட்டு இருக்கேன். நீங்க சொல்றீகளா, நான் சொல்லவா?" முப்பது வருஷத்தில் அவள் என்னிடம் இவ்வளவு மெதுவாகப் பேசியதில்லை. அவளுக்கும் தெரிந்து, தெரிந்தே என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டிருக்கிறாள். அதனால் அவள்மேல் கோபப்படாதே. உன் கல்யாணத்துக்காகத்தான் அவள் விழுங்கினாள்.

புத்தி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, ஆனாலும் அப்பனாகப் பிறந்த வாய் சும்மா இருக்காது. மாப்பிள்ளை உன்னைவிட நன்றாக ஒன்றைச் செய்தால், அது சமையலாக இருந்தாலும் சரி, பிள்ளை தூங்க வைப்பதாக இருந்தாலும் சரி, அன்றைக்கே அவர் முகத்தைப் பார்த்து "எனக்குப் பொறாமையா இருக்கு" என்று சொல்லிவிடு. அவர் சிரிப்பார், அதோடு முடிந்துபோகும். அந்தப் பூவரசுக் கிண்ணத்தை அளந்த அன்றே நான் அதைச் சொல்லியிருந்தால், இந்த நாற்பது கிண்ணத்தில் இன்று நாற்பது வீட்டில் கல்கண்டு இருந்திருக்கும். மாப்பிள்ளைக்கும் இதையே சொல்கிறேன். உங்கள் மனைவிக்கு வருகிற பேரைத் தாங்குவது லேசான காரியம் இல்லை, அவளைப் பெற்றவனாலேயே முடியவில்லை. முடியாத அன்று அவளிடமே போய்ச் சொல்லுங்கள், மாடிக்குப் போகாதீர்கள்.

நாளைக் காலையில் வண்டி வரும். லேத்தையும் உளிகளையும் ஏற்றி அனுப்புகிறேன், இந்தக் கடிதம் டிரைவர் கையில் இருக்கும். உளிகள் எல்லாவற்றுக்கும் சாணை பிடித்திருக்கிறேன். நான் வண்டியில் வரவில்லை. ஆட்டை வேறு இடத்தில் கட்டச் சொல். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிடு. ஐயா, உங்கள் மரம் நல்ல மரம். அதில் மிச்சம் கிடந்தால் கொடுங்கள், இல்லாவிட்டால் இன்னொன்றை வெட்டுங்கள், கேட்பதற்கு எனக்கு வெட்கம்தான். முதல் கிண்ணம் காய்ந்து வந்ததும் அதை உன் மாமனாருக்குக் கொடு பாப்பா. எனக்கு அனுப்பாதே. பொறாமை போய்விட்டது என்று எழுதினால் நீ நம்பிவிடுவாய், அதனால் எழுத மாட்டேன். இதை எழுதும்போதுகூட, அவர் கையில் அந்தக் கிண்ணம் இருப்பதை நினைத்தால் எனக்கு எரிகிறது. என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை எல்லாம் அப்புறம் யோசி, வருஷக்கணக்கில் ஆனாலும் ஆகட்டும். முதலில் லேத்தில் மரத்தை ஏற்று.

நாற்பதையும் வெயிலில் வைத்தவன்,
உன் அப்பா